சாதனத்துக்கு எட்டும் மெமரி

லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலை நாமே கம்பைல் பண்ணும்போது, எது வேண்டும் என்று தெரிவு செய்யும் மெனுவில் டிஎம்ஏ என்ற வரிகள் வந்ததும் எங்கள் பொடியன்களின் கை நின்றுவிடும். "எல்லாத்துக்கும் வை போட்டுருவமா அண்ணே?" ஹட்டனில் இருக்கும் எங்கள் சின்ன வேர்க்ஷொப்பில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வை என்றால் Y, 'ஆம்' என்று தெரிவு செய்வது. தேயிலைத் தூளில் தண்டு பிரிக்கும் மெசின்களின் கெமரா போர்டுகளைப் பழுது பார்த்து, கேர்னல் ஏற்றிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு.

வை போட்டால் பெரும்பாலும் ஓடும்தான். ஆனால் அங்கே விஷயம் ப்ரொசெசர் இல்லை, அதோடு இணைந்த சாதனம். ப்ரொசெசரை எதிர்பார்க்காமல் சாதனமே மெமரியில் எழுதுவதும் வாசிப்பதும்தான் டிஎம்ஏ. அதற்கு எந்த முகவரி வரை எட்டும்? பழைய ஐஎஸ்ஏ கார்டுகளுக்கு 24 பிட், அதாவது 16 எம்பி. 32 பிட் சாதனத்துக்கு 4 ஜிபி. ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினிப் போர்டில் 4 ஜிபி மெமரி இருந்தாலும் சில பாகங்களுக்கு முதல் 1 ஜிபிதான் எட்டும். அப்படிப்பட்டவற்றுக்காக 2020இல் வந்த லினக்ஸ் 5.5, 64 பிட் ஆர்ம் ப்ரொசெசர்களின் பக்கத்திலும் ஸோன் டிஎம்ஏவை, அதாவது எட்டும் மெமரியைத் தனிப் பகுதியாகப் பிரித்து வைப்பதை, கொண்டுவந்தது.

சாதனத்துக்கும் மெமரிக்கும் நடுவில் ஐஓஎம்எம்யூ என்ற ஹார்ட்வேர் இருந்தால் முகவரியை அதுவே மாற்றிக் கொடுத்துவிடும். இல்லையென்றால் கேர்னலிலேயே இருக்கும் எஸ்டபிள்யூஐஓடிஎல்பி என்ற மென்பொருள் வழி: லொறி ஏறாத மலையிலிருந்து கொழுந்துச் சாக்கைத் தலையில் சுமந்து ரோட்டுக்கு இறக்குவது போல, எட்டும் இடத்தில் ஒரு நகல் வைத்து வேலையை ஓட்டும். வழக்கமாக அதற்கு 64 எம்பி. கெமராவுக்குத் தொடர்ச்சியான இடமும் வேண்டும். மெனுவில் அப்படி இடம் ஒதுக்கும் சிஎம்ஏவின் இயல்பு அளவு 16 எம்பி. 12 மெகாபிக்சல் படம், புள்ளிக்கு 2 பைட் என்றால் ஒன்றுக்கே 24 எம்பி. இந்தக் கணக்கைப் போடாமல், சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் திட்டுபவர்கள் நிறையப் பேர்.

டிரைவரைத் திட்டவேண்டிய நாளும் வரும். ஒரு தொழிற்சாலையிலிருந்து டீமேக்கர் ஐயா கூப்பிட்டார். "தம்பி, தண்டே இல்லாத எடத்துல மெசின் தண்டு காட்டுது. நல்ல தூளையெல்லாம் ஊதித் தள்ளுது." படத்தைச் சேமித்துப் பெரிதாக்கினோம். கருந்தூளின் மேல் வெளிறிய மெல்லிய கோடுகள், ஒவ்வொன்றும் சரியாக 64 புள்ளி நீளம். கறுப்பு வெள்ளைப் படம், புள்ளிக்கு ஒரு பைட். ப்ரொசெசர் தன் பக்கத்தில் மெமரியின் நகலை வைத்துக்கொள்ளும் இடம்தான் கேஷ்; அந்த ப்ரொசெசர் அதில் ஒரு தடவைக்கு எடுக்கும் அளவான கேஷ் வரியும் 64 பைட். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? கோடுகளில் தெரிந்தது முந்தைய படத்தின் பின்னணித் தட்டு. கெமரா புதுப் படத்தை மெமரியில் எழுதிவிட்டது; ப்ரொசெசர் கேஷில் மிஞ்சிய பழையதை வாசித்துக்கொண்டிருந்தது. பழைய கேஷ் நகலைக் கைவிடச் சொல்லி, வாசிக்கும் முன் செய்யவேண்டிய டிஎம்ஏ சிங்க் அழைப்பு டிரைவரில் இல்லை. எழுதியவர் சாதாரண பிசியில் சோதித்திருப்பார் என்று நினைக்கிறேன். அங்கே பொதுவாக ஹார்ட்வேரே இதைக் கவனித்துக்கொள்ளும். மெனுவில் இதற்கு வை கிடையாது.

இப்போது புதுப் போர்டு வந்தால் மெனுவைத் திறக்க விடுவதில்லை. முகவரி எத்தனை பிட், ஐஓஎம்எம்யூ உண்டா, கேஷை யார் பார்த்துக்கொள்வது, மூன்றையும் டேட்டாஷீட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வா என்பேன். சீன மொழியில் மட்டும் டேட்டாஷீட் வரும் போர்டுகள்தான் இன்னும் தலைவலி.