பெரியப்பாவுக்கு ஒரு தமிழ் விசைப்பலகை: நாட்குறிப்பு

ஜூன் 14, சனி

பெரியப்பாவுக்கு யுஎஸ்பி விசைப்பலகை ஒன்று செய்து தருவதாக ஒப்புக்கொண்டாகிவிட்டது. அரிச்சுவடி வரிசையில் எழுத்துகள் இருக்கணும், பொத்தான் தள்ளித் தள்ளி இருக்கணும், கை நடுங்கினாலும் எழுத்து இரட்டிக்கக் கூடாது என்கிறார். சாதாரண விசைப்பலகையில் தமிழ் ஒட்டிகளை ஒட்டிக் கொடுத்தோம். சிங்கப்பூரின் ஈசூன் வட்டார வெயிலுக்கும் விரல் வியர்வைக்கும் அவை சீக்கிரமே உரிந்துவிட்டன. உரியாவிட்டாலும் அந்த வரிசை அவருக்குப் பிடிபடவில்லை.

காலையில் சிம் லிம் டவர். பக்கத்தில் இருக்கும் சிம் லிம் ஸ்குவேர் இல்லை. உதிரிபாகம் வேண்டுமென்றால் டவர்தான். நிரல் போட்டு இயக்கும் சின்னப் பலகையான ராஸ்ப்பெரி பை பிக்கோ ஒன்று, விசைகள், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4148 டயோடு ஒரு கட்டு, ஒயர். டயோடை எண்ணித் தந்த கடைக்கார அங்கிள் "கீபோர்டா?" என்று அவராகவே கேட்டார். டவர் இருக்கும் ஜாலான் புசாரில் இதை வாங்கும் முதல் ஆள் நானில்லை போல.

ஜூன் 15, ஞாயிறு

இன்று விளக்கப் படலம். எழுத்தை விசைப்பலகைதான் கணினிக்கு அனுப்புகிறது என்று பெரியப்பா நினைத்திருந்தார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு எந்த மொழியும் தெரியாது. எச்ஐடி என்ற யுஎஸ்பி விசைப்பலகை முறையில் அது அனுப்புவது எட்டு பைட், அதாவது எட்டு எண்கள். முதலாவது ஷிப்ட், கண்ட்ரோல் வகையறா. இரண்டாவது சும்மா. மிச்சம் ஆறும் அழுத்திய விசைகளின் எண்கள். ஆங்கில ‘ஏ’ இருக்கும் விசைக்கு எண் 4. அதை அழுத்தினால் போவது இவ்வளவுதான்:

0 0 4 0 0 0 0 0

கையை எடுத்தால் எட்டும் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் போகாவிட்டால் விசை இன்னும் அழுந்தியே இருப்பதாகக் கணினி எண்ணிக்கொள்ளும்.

4 என்பதை ‘அ’ ஆக்குவது கணினியில் தேர்ந்தெடுத்திருக்கும் தமிழ் 99 என்ற விசைப்பலகை அமைப்பு. ‘க’ வேண்டுமா? 11 அனுப்பு. ‘ம’ வேண்டுமா? 14. அப்படியென்றால் பொத்தான்களை என் இஷ்டத்துக்கு அடுக்கலாம். தமிழ் 99இல் உயிர் இடக்கைக்கும் மெய் பெரும்பாலும் வலக்கைக்கும் பிரித்து வைத்திருப்பது பத்து விரலால் வேகமாகத் தட்டுபவர்களுக்கு அருமையான ஏற்பாடு. ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுபவருக்கு அ, ஆ, இ, ஈதான் சுலபம். இரண்டையும் ஒத்துப்போக வைப்பது ஒரு சின்ன அட்டவணை.

தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி 1997இல் இங்கே நடத்திய தமிழ்நெட் மாநாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. 1999இல் சென்னையில் நடந்த அடுத்த மாநாட்டில்தான் தமிழ் 99 முடிவானது. "அப்பவே நான் கத்துக்கிட்டிருக்கணும்" என்றார் பெரியப்பா.

ஜூன் 17, செவ்வாய்

வேலை முடிந்து வந்து சால்டரிங். உயிர் 12, மெய் 18, புள்ளி, ஆய்தம், ஜ, ஸ, ஷ, ஹ, இடைவெளி, என்டர், அழிப்பு, முற்றுப்புள்ளி: ஆக 40. பிக்கோவில் விசைகளை இணைக்கப் பயன்படும் கால்கள் 26தான். எனவே 5 வரிசை, 8 பத்தி என்று கட்டம் போட்டு, வரிசையும் பத்தியும் சந்திக்கும் இடத்தில் ஒரு விசை என்று வைத்தால் 13 கால் போதும்.

கட்டத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் நான்காவதும் அழுந்தியது போலத் தெரியும். அதைத் தடுக்கத்தான் விசைக்கு ஒரு டயோடு. ஒற்றை விரலுக்கு எதற்கு டயோடு என்று விட்டுவிடலாம்தான். ஆனால் நடுங்கும் கை பக்கத்து விசைகளையும் உரசிக்கொண்டே போகும். டயோடின் கறுப்புக் கோடு எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று திரும்பினால் அந்த எழுத்து ஊமை.

ஜூன் 21, சனி

பிக்கோவில் சர்க்யூட்பைதான் (இந்த மாதிரிச் சின்னப் பலகைகளுக்கான பைதான் நிரல்மொழி) போட்டேன். பிக்கோவில் இருக்கும் பூட்செல் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி யுஎஸ்பியில் சொருகினால் பிக்கோ ஒரு பென்டிரைவ் போலத் தெரியும். சர்க்யூட்பைதான் கோப்பை அதில் இழுத்துப் போட வேண்டியதுதான். கட்டத்தைச் சுற்றிப் பார்க்க ‘கீபேட்’ என்ற நிரல் தொகுதி, விசை எண் அனுப்ப அடாஃப்ரூட் நிறுவனத்தின் எச்ஐடி நிரல் நூலகம். நிரல் எழுதிய நேரத்தைவிட அட்டவணையைச் சரிபார்த்த நேரம்தான் அதிகம்.

பெரியப்பாவின் மேக்கில் சொருகியதும், "இடப்பக்க ஷிப்டுக்கு அடுத்துள்ள விசையை அழுத்து" என்று ஒரு சன்னல் வந்தது. புது விசைப்பலகை எந்த வகை என்று அது கேட்டு வைத்துக்கொள்ளும். நம்முடையதில் ஷிப்டே கிடையாது. ஜ, ஸ போன்றவற்றுக்கு வேண்டிய ஷிப்டை நிரலே சேர்த்து அனுப்பிவிடுகிறது. வகையை நாமே தேர்ந்தெடுக்கும் வழியும் அங்கேயே இருந்தது. சரி, தீர்ந்தது.

‘அம்மா’ என்று தட்டச் சொன்னேன். அ, ம, ம, ஆ. வந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

நடுக்கம்தான் உண்மையான வேலை. தமிழ் 99இல் ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். ‘பக்கம்’ என்பதற்கு அது வசதி. ‘பகல்’ தட்டும்போது விரல் இன்னொரு முறை துள்ளினால் ‘பக்கல்’. ஆங்கிலத்தில் என்றால் ஓர் எழுத்து கூடியிருக்கும், அவ்வளவுதான். இங்கே புள்ளியும் சேர்ந்து விழுவதால் எங்கே தப்பு என்று அவருக்குத் தெரிவதே இல்லை.

விசையின் உள்ளே உலோகம் துள்ளுவது சில மில்லிநொடி. கீபேட் தொகுதி 20 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் பார்க்கிறது, அதனால் அது வடிந்துவிடும். கை துள்ளுவது வேறு கணக்கு. அழுத்தியது, விட்டது எல்லாவற்றுக்கும் நேரம் குறிக்கச் செய்து, பழைய கடிதம் ஒன்றை அவரைத் தட்டவைத்தேன். நடுக்கத்தில் வரும் இரட்டிப்புகள் பெரும்பாலும் 100 முதல் 200 மில்லிநொடிக்குள். வேண்டுமென்றே இரண்டு முறை தட்டும்போது அரை நொடிக்குக் குறையவில்லை. நடுவில் நல்ல இடைவெளி. விசையை விட்ட பிறகு 300 மில்லிநொடிக்கு அதே விசை செல்லாது என்று வைத்தேன். முதல் தட்டு உடனே போய்விடும், தாமதம் தெரியாது.

கணினியிலேயே இதற்கு அமைப்பு இருக்கிறதே என்று தம்பி கேட்டான். இருக்கிறது. ஆனால் பெரியப்பா சமூக மன்றத்துக் கணினியிலும் உட்காருவார். அங்கே போய் யார் மாற்றி வைப்பது? பலகைக்குள்ளேயே இருந்தால் அவரோடு கூடவே போகும்.

அடுத்தது, விரல் விசைமேலேயே தங்கிவிட்டால் கணினி ‘ககககக’ என்று கொட்டும். இப்போது அழுத்தியதுமே பூஜ்யத்தையும் அனுப்பிவிடுகிறேன். எவ்வளவு நேரம் அமுக்கினாலும் ஓர் எழுத்துதான். அழிப்பு விசைக்கு மட்டும் விலக்கு.

ஜூன் 25, புதன்

பக்கத்து விசை உரசலை நிரலால் தடுக்கப் பார்த்தேன். முதலில் பட்டதே கணக்கு என்று வைத்தால், பல நேரம் முதலில் படுவதே தப்பான விசை. இதற்கு நிரலைவிட அக்ரிலிக் தகடு மேல். விசைக்கு ஒரு துளையாக வெட்டி மேலே பொருத்தினால் கையைத் தகட்டின் மேலேயே வைத்துக்கொண்டு விரலைத் துளைக்குள் இறக்கலாம். அட்டையில் வெட்டிப் பார்த்ததிலேயே வித்தியாசம் தெரிந்தது.

ஜூன் 28, சனி

தகடு பொருத்தியாயிற்று. பிக்கோ ஒவ்வொரு முறையும் ஒரு டிரைவாகவும் தெரிந்ததால், கழற்றும்போதெல்லாம் ‘முறையாக வெளியேற்றவில்லை’ என்ற எச்சரிக்கை. எதையோ கெடுத்துவிட்டோமோ என்று பெரியப்பா பயந்தார். தொடக்கக் கோப்பில் டிரைவை மறைத்துவிட்டேன். அழிப்பு விசையைப் பிடித்தபடி சொருகினால் மட்டும் தெரியும். நாளைக்கு நான் உள்ளே போக வேண்டுமே.

இப்போது காற்புள்ளி வேண்டும் என்கிறார். நாற்பது இடமும் நிரம்பிவிட்டது. கொஞ்ச நேரப் பேரத்துக்குப் பிறகு ஷ-வை விட்டுக்கொடுத்தார். அட்டவணையில் ஷ-வுக்கான 26 இருந்த இடத்தில் காற்புள்ளிக்கான 54, ஷிப்ட் கிடையாது. விசையின் மூடியில் எழுத்தை மாற்ற நாளை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.