மழை நேரத்தில் ஸ்ப்ரே அடித்த கதை

நேற்று மலேசியா சுங்கை சிப்புட்டில் மத்தியானமே மழை. விட்டதும் ஆசை அடங்காமல் ஐந்தடியில் (முன்பக்க நடைபாதையில்) டொயோட்டா ஏஇ86 மாடல் காரின் பாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். 1/24 அளவு, ஒரு சாண்கூட வராத காருக்கு மூன்று வாரமாக மணல்தாள் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். மேலே வெள்ளை முடித்து, டேப் ஒட்டி, கீழே பளபள கறுப்பு அடித்தேன். பத்து நிமிடத்தில் கறுப்பு முழுக்கத் திருநீறு பூசின மாதிரி வெளுத்துப்போச்சு!

தப்பு என்னுடையதுதான். நான் அடித்தது லேக்கர், அதாவது சீக்கிரம் காய்கிற பெயிண்ட். அதில் இருக்கிற கரைப்பான் படக்கென்று ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்துவிடும், காற்றில் இருக்கிற ஈரம் அதில் பனி மாதிரி படிந்து பெயிண்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். நம்ம ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், காலையில் காயப்போட்ட துணியே சாயங்காலம் வரை நனைந்திருக்கிறது.

அம்மா பார்த்துவிட்டு, "ஏன்யா, நல்லாத்தானே இருக்கு, பழைய காடி மாதிரி" என்றார். போங்கம்மா!

இன்று காலை பதினொரு மணிக்கு, நல்ல வெயிலில், ஸ்ப்ரே டின்னை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து (கொதிக்கிற தண்ணீரில் வைத்துவிடாதீர்கள், வெடிக்கும்), மெலிசாக ஒரு கோட் மேலேயே அடித்தேன். புது கரைப்பான் பழைய பூச்சை இளக்கியதும் ஈரம் வெளியேறி, வெளுப்பு முக்கால்வாசி போய்விட்டது. பின் பம்பர் பக்கம் மட்டும் இன்னும் மங்கல். அதை அடுத்த வாரம் தேய்க்கணும். வானிலை பார்த்துவிட்டு.