கோவில்காட்டு வண்டுகள்: இதுவரை பிடிபட்டது

புதுக்கோட்டைப் பக்கத்துக் கோவில்காடுகளில் வீரையும் காசானும் உலக்கைப்பாலையும் நெருக்கியடித்து நிற்கும். உள்ளே செருப்புக் கூடாது, சுள்ளிகூட எடுத்துவரக் கூடாது. வண்டுக்கு மட்டும் தனிச் சட்டமா என்ன? ஆகவே எந்த வண்டு எது என்று அடையாளம் காணும் என் வேலை முழுக்க அங்கேயே முடிந்துவிடும். மூடியுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பா, மெல்லிய தூரிகை, போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ், அவ்வளவுதான். தூரிகையால் தள்ளி டப்பாவுக்குள் விட்டு மேலே ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, டப்பாவைத் தூக்கிப் பிடித்து அடியிலிருந்து ஒன்று. பிறகு எடுத்த இடத்திலேயே இறக்கிவிட வேண்டியது.

இதில் சோறு போடுவது அந்த அடிப்பக்கப் படம்தான். முதுகின் நிறத்தையும் புள்ளியையும் நம்பினால் கதை கந்தல். போன மழைக்குப் பிறகு பூசாரித் தாத்தா சருகைக் காட்டி, "தம்பி, இந்தா கிடக்கு உன் ஆறுபுள்ளி வண்டு" என்றார். கறுப்பு உடம்பு, வெள்ளைப் பொட்டுகள். ஆனால் முதுகின் நடுவே நேர்கோடு இல்லை. ஒரு சிறகு இன்னொன்றின் மேல் ஏறிக் கிடந்தது. தலை கழுத்துக் கவசத்துக்கு அடியில் ஒளிந்திருந்தது. "இது கரப்பான் தாத்தா." "கரப்பானா? சாமி இருக்கிற இடத்திலயா?" அவருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

தெரியா பெட்டிவெரியானா என்ற இந்தக் காட்டுக் கரப்பான், ஆறுபுள்ளித் தரை வண்டைப் போல வேஷம் கட்டியிருப்பதாகச் சொல்கிறார்கள். காரணம் உண்டு. ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா எனும் அந்த நிஜ வண்டு, சீண்டினால் பின்புறத்திலிருந்து ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். படமெடுக்க முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், கண் போய்விடும். அதன் புள்ளிக் கணக்கு: கழுத்துக் கவசத்தில் இரண்டு, மூடிச்சிறகில் (முதுகை மூடும் கெட்டியான முன்சிறகு) நான்கு. சிறகுகள் நடுவில் தைத்ததுபோல் நேராகச் சேரும். பறக்காது, ஓட்டம்தான்.

அடுத்தது கால். முன், நடு, பின் என ஒவ்வொரு காலின் பாதத்திலும் எத்தனை கணு என்று எண்ணுவதுதான் பாதி வேலை. தரை வண்டுக்கு 5-5-5. காட்டோரத் துவரைப் பூவைத் தின்னும் கொப்புள வண்டுக்கு 5-5-4. இதை மட்டும் வெறுங்கையால் தொட மாட்டேன். அது கசியவிடும் கேந்தரிடின் என்ற நச்சு பட்டால் தோல் பொத்துவிடும். இருட்டில் சருகடியே திரியும் டெனிப்ரியோனிட் என்ற குடும்பத்துக் கரிய வண்டுகளுக்கும் அதே 5-5-4தான். ஆனால் அவற்றின் உணர்கொம்பு முளைக்கும் இடம் கன்ன விளிம்புக்கு அடியில் மறைந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. நீள்கொம்பு வண்டுக்கு நான்கு கணுதான் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் ஐந்து உண்டு. நான்காவது கணு, கடைசிக் கணுவின் அடிப்பகுதியில் மிகச் சிறியதாகப் பதுங்கியிருக்கும். லென்ஸ் இல்லாமல் அதைப் பார்க்கவே முடியாது.

சாணி வண்டுகளில்தான் எனக்கு ருசி அதிகம். மேய்ச்சல் மாடு போகும் காட்டு வாசலில் வெயில் ஏறியதும் வந்துவிடும். உருட்டிகளில் ஸ்காரபேயஸ் பேரினத்துக்கு முன்காலில் பாதமே கிடையாது. பல் வைத்த முன்னங்காலோடு முடிந்துவிடும். ஜிம்னோப்ளூரஸுக்குப் பாதம் உண்டு, கூடவே மூடிச்சிறகின் பக்கவாட்டில், தோளுக்குச் சற்றுப் பின்னால், கடித்தெடுத்த மாதிரி ஒரு வெட்டு. அந்த வழியாகப் பின்னிறகை நீட்டி, மூடியைத் திறக்காமலே பறக்கும். ஸ்காரபேயஸிலிருந்து பிரித்தறியப் பக்கவாட்டுப் படம் ஒன்று போதும். ஆன்தோபேகஸ் என்ற சாணி வண்டுப் பேரினம் அப்படியல்ல. உலகில் 2000-க்கும் மேற்பட்ட இனங்கள். கொம்புள்ள ஆண் கிடைத்தாலும் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே மரியாதை. போட்டோவை மட்டும் வைத்துக்கொண்டு இனப்பெயர் வரை அடித்துச் சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

வீட்டு மொட்டைமாடியில் வெள்ளை வேட்டி கட்டிப் புற ஊதா பல்பு போடுவது தனிக் கதை. தென்னந்தோப்பிலிருந்து காண்டாமிருக வண்டு வராத இரவு குறைவு. கொம்பு குட்டையாக இருந்தால் பின்புறத்தைப் பாருங்கள். செம்பழுப்பு ரோமக் கற்றை இருந்தால் பெண். மிச்சமெல்லாம் அரிசி அளவுப் பழுப்பு வண்டுகள். "பழுப்பு, பிறகு பார்க்கலாம்" என்ற ஃபோல்டர் வீங்கிக்கொண்டே போகிறது. அதில் உணர்கொம்பு நுனி விசிறியாக விரிவதை மட்டும் தனியே பிரித்து, ஸ்காரப் குடும்பம் என்று ஒதுக்கியிருக்கிறேன். கூன்வண்டுகளை இன்னும் தொடவேயில்லை.