பெருங்காய டப்பாவுக்குள்ள கோதுமை

பொண்ணுக்கு சீலியாக்னு, அதாவது கோதுமை மாதிரி தானியத்துல இருக்கற குளூட்டன்ங்கற புரதம் குடலுக்கு ஆகாத நோய்னு, தெரிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா எல்லாத்தையும் அன்னிக்கே நிறுத்தியாச்சு. நாமதான் இட்லி, சாம்பார், ரசம் ஆளுங்களாச்சே, என்ன கஷ்டம்னு தெம்பா இருந்தேன். ஆனா வயித்துவலி மட்டும் விடல.

ஒருநாள் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படிச்சேன். கூட்டுப் பெருங்காயம்: கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம். தினமும் ரசத்துல நானே என் கையால போட்டிருக்கேன்!

இப்போ அரிசி மாவு சேர்த்ததா, அதுலயும் 'குளூட்டன் ஃப்ரீ'ன்னு அச்சடிச்சதா பார்த்துதான் வாங்கறேன். அப்படிப் போடணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருக்கக்கூடாதுங்கறது சட்டம்.

அடுத்தது மில்லு. "இதுக்கு முன்னாடி என்னண்ணே அரைச்சீங்க?"ன்னேன். "கோதுமைதான்க்கா. முதல்ல ஒரு பிடி மிளகாயைப் போட்டு ஓட்டிட்டா சரியாப் போயிடும்." பையோட அப்படியே திரும்பி வந்துட்டேன். இப்போ பாண்டி பெரிய மார்க்கெட்ல முழு மிளகாய், மல்லி வாங்கி, புடைச்சு, காயவச்சு வீட்டு மிக்ஸியிலதான். கொஞ்சம் கொஞ்சமாத்தான் அரைபடும். வீடே தும்மும்.

போன வாரம் திருப்பாதிரிப்புலியூர்லேர்ந்து அம்மா தாளிப்பு வடவம் கொண்டாந்தாங்க. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், விளக்கெண்ணெய். அப்பாடா, இதுல பயமில்லன்னு டப்பாவைத் திறந்தேன். வாசனை தூக்குச்சு.

"ஏம்மா, பெருங்காயம் போட்டியா?"

"போடாம எப்படிடி மணக்கும்?"

வடவம் பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சு.