ஸ்டெப்ஸ் எண்ணைத் தொடும் முன் ஸ்க்ரூவைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்

வீட்டில் சிஎன்சி ரவுட்டர் (கணினி சொல்படி மரம் வெட்டும் மெஷின்) கட்டியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கேட்கிற கேள்வி இது: 100 மி.மீ. சதுரம் வெட்டச் சொன்னால் 99.8 வருகிறது, மெஷினை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் $100 எண்ணை, அதாவது எக்ஸ் பக்கம் 1 மி.மீ. நகர மோட்டார் எத்தனை ஸ்டெப் வைக்க வேண்டும் என்கிற எண்ணை, எவ்வளவு கூட்டட்டும்? கூட்டவே கூட்டாதீர்கள் என்பதுதான் என் பதில். மோட்டார் சுற்றி மெஷினை நகர்த்த என்ன ஸ்க்ரூ போட்டீர்களோ அன்றைக்கே அந்த எண் முடிவாகிவிட்டது. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், மோட்டாரை ஓட்டும் டிரைவர் ஒவ்வொரு ஸ்டெப்பையும் 16 மைக்ரோஸ்டெப்பாகப் பிரித்தால் 3200, டி8 (8 மி.மீ. தடிமன்) ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும், வகுத்தால் 400. 1605 பால் ஸ்க்ரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் வகை) என்றால் சுற்றுக்கு 5 மி.மீ., அதற்கு 640. (டி8 தடிமனிலேயே சுற்றுக்கு 2 மி.மீ. நகர்த்தும் ஸ்க்ரூவும் கடையில் கிடைக்கும், பார்க்க ஒன்றுபோல்தான் இருக்கும். ஆனால் அது மாறிப்போயிருந்தால் அளவு நாலில் ஒரு பங்காக வரும், 0.2 குறையாது.) பெல்ட் வைத்தவர்கள் வேண்டுமானால் கடைசியில் லேசாகத் திருத்திக்கொள்ளலாம், பெல்ட் இழுக்க இழுக்க நீளும். ஸ்க்ரூ அப்படி இல்லை. சி7 தர பால் ஸ்க்ரூவுக்கு அனுமதிக்கப்பட்ட பிழையே 300 மி.மீ.க்கு 0.05தான்.

அப்படியானால் 0.2 எங்கே போகிறது? ஒரே அளவை மட்டும் வெட்டிப் பார்த்தால் தெரியாது. 50, 100, 200 என்று மூன்று சதுரம் வெட்டி வெர்னியர் வைத்துப் பாருங்கள். என் மெஷினில் எக்ஸ் பக்கம் 49.8, 99.8, 199.8 வந்தது. நீளம் கூடினாலும் குறை கூடவில்லை, எல்லாவற்றிலும் அதே 0.2. ஸ்டெப்ஸ் எண் தப்பாக இருந்தால் 200இல் 0.4 குறைந்திருக்க வேண்டும். இந்த நிலைமையில் யாராவது 100க்குச் சரியாக வரட்டும் என்று 400ஐ 400.8 ஆக்கினால், 100 கச்சிதமாக வரும், 200 வெட்டினால் 200.2 வரும், 50 வெட்டினால் 49.9. அப்புறம் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண் மாற்றிக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

இன்னொரு சோதனையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். வெளி அளவோடு நடுவில் ஒரு ஓட்டையும் வெட்டி அதன் உள் அளவைப் பாருங்கள். வெளி அளவு, உள் அளவு இரண்டுமே சிறிதாக வந்தால் பேக்லாஷ், அதாவது திசை திரும்பும்போது மோட்டார் சுற்றியும் மெஷின் நகராத அந்த ஆட்டம். வெளி அளவு சிறிதாகி ஓட்டை பெரிதானால் மெஷின் மேல் குற்றமில்லை, வெட்டுகிற பிட்டைப் பாருங்கள். 3 மி.மீ. என்று மென்பொருளில் போட்டுவிட்டு 3.175 பிட்டை மாட்டியிருப்பீர்கள், அரைக்கால் அங்குல ஷாங்க் (காம்பு) பிட்டுகளில் இது சர்வசாதாரணம்.

எனக்கு இரண்டும் சிறிதாகத்தான் வந்தது. பேக்லாஷ் என்றதும் எல்லோரும் பித்தளை நட்டு தேய்ந்துவிட்டது என்று புது நட்டு வாங்க ஓடுவார்கள். பக்கத்து லேத் பட்டறை அண்ணன் டயல் இண்டிகேட்டரை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) கையில் கொடுத்து, "நட்டைக் கழட்டாத தம்பி, முதல்ல ஸ்க்ரூ முனையில வச்சுப் பாரு" என்றார். வைத்தேன். மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்து லாக் ஆன நிலையில் கேன்ட்ரியை, அதாவது பிட்டைச் சுமந்து நகரும் பாலத்தை, கையால் இப்படி அப்படித் தள்ளினால், முள் பதினாறு பதினேழு கோடு போய்த் திரும்புகிறது. ஒரு கோடு 0.01. அதாவது நட்டுக்குள் இருக்கிற ஆட்டம் கொஞ்சம்தான், ஸ்க்ரூவே மொத்தமாக முன்னும் பின்னும் போய் வருகிறது!

காரணம் எளிது. ஸ்க்ரூவின் இரண்டு முனையிலும் கேபி08 பேரிங் இருக்கிறது, ஆனால் அதன் கிரப் ஸ்க்ரூ (பக்கவாட்டில் இறுக்கும் சின்னத் திருகு) வழவழப்பான ஸ்க்ரூ மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அது வழுக்கினால், தள்ளும் விசையெல்லாம் ஸ்க்ரூவை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங் வழியாக மோட்டாருக்குப் போகும். அந்த அலுமினிய கப்ளிங் திருகுவெட்டு போட்டது, நீளவாக்கில் ஸ்பிரிங் மாதிரி நீண்டு சுருங்கும். மோட்டார் ஷாஃப்ட்டும் தன் பங்குக்குக் கொஞ்சம் உள்ளே போய் வரும். ஒரு முனையில் பேரிங்குக்கு இரண்டு பக்கமும் ஷாஃப்ட் காலர் (இறுக்கும் வளையம்) போட்டு நெருக்கி இறுக்கியதும் முள் ஒன்றிரண்டு கோட்டோடு நின்றுவிட்டது. இரண்டு முனையையும் இறுக்காதீர்கள், ஸ்க்ரூ சூடானால் நீள இடம் வேண்டும்.

மிச்சமிருந்தது நட்டின் ஆட்டம். ஸ்பிரிங் வைத்த ஆன்ட்டி பேக்லாஷ் நட்டு 3டி பிரின்டருக்குப் போதும், மரம் வெட்டும்போது பிட் இழுக்கிற இழுப்பில் அந்த ஸ்பிரிங் அமுங்கிவிடும். சின்னத் திருகு வைத்து நெருக்குகிற பாம் (POM என்ற கெட்டியான பிளாஸ்டிக்) நட்டு தேவலை. ஜிஆர்பிஎல்லில் பேக்லாஷ் காம்பன்சேஷன் (ஆட்டத்தை மென்பொருளே ஈடுகட்டும் வசதி) கிடையாது, லினக்ஸ்சிஎன்சி என்ற இன்னொரு மென்பொருளில் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. திரும்பும்போது அது கணக்கைச் சரிசெய்யும், சரி. வெட்டும் நேரத்தில் பிட் கேன்ட்ரியைப் பிடித்து இழுத்தால், அந்த இடைவெளிக்குள் அது ஆடுவதை எந்த மென்பொருளும் தடுக்காது.

அளவு சரியான பிறகு மூலைமட்டம் பாருங்கள். 200 சதுரத்தின் மூலைவிட்டம் இரண்டுமே 282.84 வர வேண்டும். இரண்டுக்கும் 1 மி.மீ. வித்தியாசம் வந்தால், சதுரம் ஒரு பக்கமாக 0.7 மி.மீ. சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கேன்ட்ரி போல்ட்டுகளைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் முன்சட்டத்தில் முட்டும்வரை இழுத்து வைத்து, அப்படியே இறுக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் நான் ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) இருக்குமிடத்தில் ஒரு பேனாவைக் கட்டி சிக்குக் கோலம் போடவிடுவேன். ஒரே இழையில் வளைந்து வளைந்து போய்த் தொடங்கிய புள்ளியிலேயே முடிவதால் எக்ஸும் ஒய்யும் திரும்பிக்கொண்டே இருக்கும். ஆட்டம் மிச்சமிருந்தால் வளைவுகளின் உச்சி தட்டையாகும். ஸ்டெப் தவறினால் கடைசிக் கோடு முதல் கோட்டோடு சேராமல் தள்ளி நிற்கும். அப்படித் தள்ளி நின்றால் டயலைத் தூக்காதீர்கள், முதலில் டிபி6600 டிரைவரைத் தொட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் அது கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் ஒரு ஃபேன் வையுங்கள். அப்படியும் தள்ளினால் $120இல் இருக்கிற முடுக்கத்தைப் பாதியாக்கி மறுபடி கோலம் போடுங்கள்.