இருமல் நின்றும் இளைப்பு நிற்கவில்லையா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பள்ளிப் பிள்ளைக்கு வறட்டு இருமல் இழுத்துக்கொண்டே போனால், "மழைக்காலச் சளி" என்று விட்டுவிடுகிறோம். அது மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் நிமோனியாவாகவும் (நுரையீரல் தொற்று) இருக்கலாம். 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் இளைஞர்களையும் அதிகம் பிடிக்கும். காய்ச்சல் அடித்தாலும் பிள்ளை எழுந்து நடமாடும், பள்ளிக்கும் போகும். தொற்றிய பிறகு நோய் வெளியே தெரிய 1 முதல் 4 வாரம் ஆகும். தம்பி தேறும்போது அக்காள் படுப்பது அதனால்தான்.

வீட்டில் மிஞ்சிய அமோக்சிசிலினைக் கொடுக்காதீர்கள். அது கிருமியின் செல்சுவரைக் கட்டவிடாமல் செய்து கொல்லும் மருந்து. இந்தக் கிருமிக்குச் சுவரே கிடையாது. இதற்கு அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் போன்றவைதான் வேலை செய்யும். அசித்ரோமைசினுக்கு மசியாத வகைகளும் ஆசியாவில் இருக்கின்றன. மருந்து தொடங்கி 3 நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லையென்றால் டாக்டரிடம் திரும்பிப் போங்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் முழுசாகத் தேறிவிடுவார்கள். இருமல் ஒரு மாதம் இழுப்பதும் வழக்கம்தான். என் கவலை மீதிச் சிலரைப் பற்றியது. அவர்களுக்கு 2 மில்லிமீட்டருக்கும் குறைவான நுனி மூச்சுக்குழல்கள் வெந்து, தழும்பு விழுந்து, சுருங்கிப்போகும். உள்ளே போன காற்று முழுசாக வெளியேறாது. படுத்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. பாடாங்கில் (திடலில்) பந்து விளையாடப் போனால் பாதியில் உட்கார்ந்துவிடுவான். எக்ஸ்ரேயில் இது தெரியாமலே போகலாம். "எக்ஸ்ரே சுத்தம்" என்ற ஒரே சொல்லில் நாம் ஏமாறுவது இங்கேதான்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. நகப்பூச்சைத் துடைத்து, விரலைத் தேய்த்துச் சூடாக்கி, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை மாட்டுங்கள். எண் நிலைக்கும் வரை பொறுங்கள். சும்மா இருக்கும்போதே 94-க்குக் கீழே இருந்தால் சோதனை வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. நன்றாக இருந்தால், கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் 1 நிமிடம் எழுந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முடிந்த பின்னும் 1 நிமிடம் மீட்டரைக் கழற்றாதீர்கள், இறக்கம் தாமதமாகத் தெரியலாம். 4 புள்ளி இறங்கினால் எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். தலை சுற்றினால் உடனே நிறுத்துங்கள்.

கிளினிக்கில் "இன்னும் இருமுது" என்று மட்டும் சொன்னால் இருமல் மருந்தோடு அனுப்பிவிடுவார்கள். "காய்ச்சல் விட்டு இத்தனை வாரம், மாடி ஏறினால் இளைக்கிறது, இன்ஹேலர் அடித்தும் வீசிங் மாறவில்லை" என்று சொல்லுங்கள். அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம்: ஆஸ்துமா என்றால் பெரும்பாலும் இளகும், தழும்பு இளகாது. ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதி மூச்சை அளக்கும் சோதனை, எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். 6 வயதுப் பிள்ளையால் பொதுவாக ஊத முடியும். அதில் அடைப்பு தெரிந்தால், மூச்சை வெளியே விட்ட நிலையிலும் எடுக்கும் சிடி ஸ்கேன் வேண்டும். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். 2 வாரத்தைத் தாண்டிய இருமலுக்குக் காசநோய்க்கான சளிப் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.

இறங்கிய காய்ச்சல் திரும்ப ஏறி, மூச்சு இழுக்கும்போது விலாவில் குத்தினால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம். அதற்கு அன்றைக்கே போக வேண்டும். தினமும் காலையில் கட்டிச் சளி வந்தால் குழாய்கள் விரிந்துபோயிருக்கலாம்.

தேறிவரும் பிள்ளை படுக்கும் அறையில் கொசுவர்த்தி வேண்டாம், வலை கட்டுங்கள். புகைமூட்ட நாளில் திடல் பக்கம் விடாதீர்கள். பையன் வேப் (மின்சிகரெட்) இழுக்கிறானா என்று திட்டாமல் கேளுங்கள், டாக்டருக்கு அந்த உண்மை தேவை.