பழைய ஊர் மலர் ஒன்றைப் போனில் படமெடுத்து எழுத்தாக்கியது

தமிழ்ப் பக்கத்தை ஓசிஆர் போட, அதாவது படத்திலுள்ள எழுத்தைக் கணினி வாசித்துத் திருத்தக்கூடிய எழுத்தாக்கித் தர, போகிறவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: புள்ளியைக் காப்பாற்றுங்கள். ஆங்கிலத்தில் சின்ன ஐக்கும் ஜேக்கும் மட்டும்தான் தலையில் குத்து, அது போனாலும் ஊகித்துவிடலாம். நமக்கு ஒரு வரியிலேயே பத்துப் பதினைந்து மெய்யெழுத்து வந்துவிடும். புள்ளிகள் அழிந்த படத்தைக் கொடுத்தால் 'பக்கம்' என்பது 'பககம' என்று வந்து நிற்கும், பிறகு அதைத் திருத்துவதற்கு முழுவதையும் புதிதாகவே டைப் அடித்துவிடலாம்.

எங்கள் ஊர்ச் சங்கம் 1960களில் போட்ட மலர் ஒன்று, கொழும்பு வெள்ளவத்தையில் பெரியப்பா வீட்டு அலுமாரியில் கிடந்தது. மறுபதிப்புப் போட வேண்டும், டைப் அடிக்க ஆளில்லை என்று சங்கத்துக்காரர் சொன்னதால் இந்த வேலை என்னிடம் வந்தது. காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் ஸ்கான் பண்ணக் கொடுத்துப் பார்த்தேன். பையன் புத்தகத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து மேலிருந்து அமத்த, துருப்பிடித்த கம்பி தாளைக் கிழிக்கத் தொடங்கியது. சரி, வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதோடு போனில் எடுப்பது என்று முடிவு.

வீடு மெரின் டிரைவ் பக்கம், ஜன்னல் கடலைப் பார்த்து மேற்கே இருக்கிறது. அதனால் முற்பகலில் வெயில் நேரே விழாது, ஆனால் வெளிச்சம் தாராளம். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு அதே ஜன்னலால் வெயில் சாய்ந்து விழுந்து தாளில் ஒரு பாதி வெள்ளை, மறு பாதி நிழல் என்று ஆக்கிவிடும், அந்த நேரம் எடுத்தால் பிரயோசனமில்லை. ரியூப் லைட்டை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் போனின் நிழல் பக்கத்தின் நடுவில் விழும். ஃபிளாஷ் பக்கமே போகக் கூடாது. காற்றாடியையும் நிறுத்த வேண்டும், கொழும்புப் புழுக்கத்தில் அதுதான் இந்த வேலையில் பெரிய தியாகம்.

கடற்காற்றின் ஈரத்தில் தாள்கள் நெளிந்திருந்தன. நான் ஓசிஆருக்குப் பயன்படுத்திய டெசராக்ட் என்ற மென்பொருள், எச்பி நிறுவனம் 2005இல் திறந்த மூலமாக விட்டது, அதன் நாலாம் பதிப்பிலிருந்து ஒரு வரியை முழுதாக எடுத்து வாசிக்கிறது. வரி வளைந்தால் பக்கத்து வரியின் கொம்பும் காலும் உள்ளே வந்து கலந்துவிடும். ஒரு பழைய படச்சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றித் தாளின் மேல் வைத்தேன். கூரை கண்ணாடியில் தெரியாமலிருக்கப் போனைச் சுற்றிக் கறுப்புத் துணி. மற்றப் பக்க எழுத்து ஊடாகத் தெரிந்த தாள்களுக்குக் கீழே ஒரு கறுப்பு மட்டையைச் செருகினேன், தெரிவது பெருமளவு குறைந்துவிட்டது.

போனைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம், ஓரங்கள் வளையும். தூர வைத்து இரண்டு மடங்கு லென்ஸில் எடுத்தால் பக்கம் வளையாமல் நேராக வரும். ஓசிஆருக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல், வேண்டும் என்கிறார்களே, 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000 பிக்சல், ஏ4 தாளின் உயரம் 11.7 அங்குலம், ஆக பக்கம் சட்டத்தை நிரப்பினால் அங்குலத்துக்கு 340 அளவில் கிடைக்கும். பத்திரிகை அளவுத் தாளை ஒரே படத்தில் அடைக்க நினைத்தால்தான் சிக்கல். ஓரத்தை ஒட்ட வெட்டவும் வேண்டாம், எழுத்தைச் சுற்றிக் கொஞ்சம் வெள்ளை இருக்கட்டும்.

எங்கள் பிரதியில் சில தாள் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கிற சித்தியின் மகள் தன் பிரதியிலிருந்து வாட்ஸப்பில் அனுப்பினாள். "அண்ணா, வடிவாத் தெரியுதுதானே?" கண்ணுக்கு வடிவுதான், பெரிதாக்கினால் புள்ளிகள் எல்லாம் சாம்பல் புகை. டொக்கியுமெண்டாக அனுப்பச் சொன்ன பிறகு அதே படம் பளிச்சென்று வந்தது.

ஸ்கான் செயலிகள் தாமாகவே கறுப்பு வெள்ளை ஆக்கித் தருவதை நிறுத்திவைத்து வண்ணப் படமாகவே எடுங்கள். பெரியப்பா சிவப்புப் பென்சிலால் கண்ட இடமெல்லாம் கோடு போட்டிருந்தார், போதாதற்குப் பழுப்புக் கறை வேறு. கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் படத்தின் சிவப்பு அலைவரிசையை (ரெட் சானல்) மட்டும் பிரித்தெடுத்தால் கோடும் மறைகிறது, கறையும் வெளுக்கிறது, கறுப்பு மை அப்படியே நிற்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த வேலை இதுதான். அப்புறம் ஸ்கான் பக்கங்களைச் சீராக்கும் ஸ்கான் டெய்லர் மென்பொருளில் போட்டுச் சரிவை நிமிர்த்தினேன். அதில் தூசு நீக்கும் வசதி ஒன்று இருக்கிறது, அதை அணைத்துவிடுங்கள், அதற்குத் தூசும் மெய்யெழுத்தின் புள்ளியும் ஒன்றுதான்.

மீதி இருந்தது பழைய எழுத்து. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது, இந்த மலர் அதற்கு முந்தியது. தும்பிக்கை வைத்த லை, னை, சுழித்த றா, னா எல்லாம் டெசராக்டில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக வந்தன. கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டொக்ஸில் திறந்தபோது இதே பக்கங்கள் கொஞ்சம் நன்றாகவே வந்தன, ஆனால் 2 எம்பிக்குள் படம் இருக்கச் சொல்கிறார்கள், பத்திகளும் குலைந்தன. ஆகக் கட்டுரைகளுக்கு இரண்டையும் ஓட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருத்தினேன்.

நன்கொடையாளர் பட்டியலுக்கு எதுவும் உதவவில்லை. பெயருக்கும் ரூபாய்க்கும் இடையே வரிசையாகக் குத்துகள் போட்டிருந்தார்கள், அத்தனையும் ஏதோ எழுத்துகளாக மாறிக் கொட்டின. அந்தப் பக்கங்களைப் பெரியம்மா வாசிக்க வாசிக்க நான் டைப் அடித்தேன். இடைக்கிடை "இவர் இன்னும் கொஞ்சம் கூடக் குடுத்திருக்கலாம்" என்று ஒரு விமர்சனமும் வரும்.